மெஹருன்னிசா டீச்சரின் சேதி நோட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வாகையேந்தல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார் தலைமை ஆசிரியர் காளிராஜ். உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்சனுக்கு ஆபீசர் வாராக. அந்தச் சேதி நோட்டையெல்லாம் எடுத்து பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிருங்க. ஒண்ணுகூட வெளிய கெடக்கக் கூடாது."

"பிள்ளைக இப்பத்தான் சார் எழுதி முடிச்சிருக்குதுக. இன்னும் வாசிக்கலையே."

"வாசிக்க வேண்டாம். பாடப் புத்தகத்த எடுக்கச் சொல்லுங்க. 'மழை'ய 'மளை'ன்னு எழுதி வச்சிருக்கிறத அவுக பாத்தா நான் என்னத்தச் சொல்ல?"

மெஹருன்னிசாவுக்கு முகம் சுண்டிப்போனது. நான்கு வருடமாக நடக்கிற வழக்கு இது. வாதாட அன்றைக்கு நேரமில்லை. பத்தொன்பது நோட்டுகளையும் வரிசையாக வாங்கி மேசைமேல் அடுக்கினார்.

சேதி நோட்டு என்பது அவர் ஏற்படுத்திய ஏற்பாடு. காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஒரு சேதியை ஒரு வரி எழுத வேண்டும். ஆடு குட்டி போட்டது, மாமா சண்டை போட்டது, எதுவானாலும் சரி. எழுதியதும் நோட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்கும். வாசிப்பு எங்கே தட்டுகிறதோ அங்கே எழுதிய பிள்ளைக்குத் தன் பிழை தானாகத் தெரியும். உடனே நோட்டைப் பிடுங்கித் திருத்தும். சிவப்பு மை கிடையாது.

காளிராஜுக்கு இது பிடிக்கவே இல்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். முப்பது வருடமாக ஒரே ஒழுங்கில் பாடம் நடத்தியவர். முதலில் எழுத்து, பிறகு வாசிப்பு, அது முற்றியபின் சொந்தமாக எழுதுவது. "அரிசி வேகு முன்னாடியே பந்தி போடுறீக டீச்சர்" என்பார். அவர் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி எழுதுவார்கள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் கூரையைப் பார்ப்பார்கள்.

மெஹருன்னிசாவுக்குத் தனக்கென்று ஒரு காரணம் இருந்தது. அதை அவர் காளிராஜிடம் சொன்னதில்லை. யாரிடமுமே சொன்னதில்லை.

அவர் பிறந்தது கீழக்கரையில். வாப்பா சவூதியில் வேலை பார்த்தார். மாதம் ஒரு கடிதம் வரும். உம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். குர்ஆன் ஓத வரும். கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கவும் வரும். ஆனால் பேனா பிடித்தால் கை வராது. பதில் எழுத அடுத்த தெருவிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் வருவான். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். ஒரு வருடம் உம்மாவுக்கு ஆறாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. அதை அந்தப் பையனிடம் எப்படிச் சொல்லி எழுத வைப்பார்? 'இங்கு அனைவரும் நலம்' என்றுதான் கடிதம் போனது. அங்கே வாப்பா, பிறக்கப் போகிற பிள்ளைக்குப் பெயர் யோசித்து இரண்டு கடிதம் எழுதினார். உம்மா இரண்டையும் வாசித்தார். வாசித்துவிட்டு மடித்து வைத்தார். ஊரிலிருந்து போன ஒருவர் சொல்லித்தான் வாப்பாவுக்குச் சேதி தெரிந்தது. அப்போது மெஹருன்னிசாவுக்கு ஒன்பது வயது. அவருக்கு எழுதத் தெரியும். ஆனால் பெற்ற மகளிடம் உம்மா அதை எப்படிச் சொல்வார்?

ஆசிரியை ஆனபிறகு, வாசிக்க மட்டும் தெரிந்த பிள்ளையைப் பார்த்தால் மெஹருன்னிசாவுக்கு அந்த மடித்து வைத்த கடிதங்கள்தான் நினைவுக்கு வரும். வாசிப்பையும் எழுத்தையும் ஒன்றாகவே கொடுத்துவிட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கணவர் துபாயில். மெஹருன்னிசா கமுதியில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்துக்கொண்டு, தினமும் பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸில் வாகையேந்தலுக்கு வந்து போனார்.

அன்று நோட்டுகளை அடுக்கும்போதே ஒரு பிள்ளை இடத்தைவிட்டு எழுந்து வந்து மேசையருகே நின்றது. ஜெயப்பிரியா. எட்டு வயது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசாதவள். வீட்டில் பேசுவாளாம். அப்பா இறந்தபின் அம்மாவோடு மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்த பிள்ளை. ஊரில் ஊமை என்றே சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதம் மெஹருன்னிசாவின் வகுப்புக்கு வந்தாள். செப்டம்பரில் சேதி நோட்டில் முதல் வரி எழுதினாள். 'கோளி முட்ட இட்டுச்சு.' பக்கத்தில் உட்காரும் ஜோதிகா அதை ஊருக்கே கேட்கும்படி வாசித்தாள். அதற்குப் பிறகு ஒருநாள்கூட ஜெயப்பிரியா எழுதாமல் இருந்ததில்லை.

"போய் உக்காரும்மா. இன்னைக்கு வாசிப்பு இல்ல" என்றார் மெஹருன்னிசா.

பிள்ளை நகரவில்லை. நோட்டு அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. ஜோதிகா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மெஹருன்னிசா அடுக்கைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் நடுத்தர வயதுப் பெண்மணி. அதிகம் பேசவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள் வாசித்தார்கள். காளிராஜின் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஜெயப்பிரியாவின் முறை வந்தபோது அவர் முந்திக்கொண்டார்.

"அது பேசாது மேடம். அத விட்ருங்க."

ஆபீசர் தலையசைத்து அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். ஜெயப்பிரியா நின்றவள் உட்காரவில்லை. அவள் கண் பீரோவின் மேலேயே இருந்தது.

பன்னிரண்டு அடித்ததும் ஆபீசரும் காளிராஜும் அலுவலக அறைக்குப் போனார்கள். சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. அதோடு கலந்து பூச்சி மருந்து வாடையும் வந்தது. அது அந்த மாதத்தில் புதிதில்லை. பள்ளிச் சுவரை ஒட்டி மூன்று பக்கமும் மிளகாய்க் கொல்லை. பூச்சி விழுந்த பருவம். ஊரே பத்து நாளாக மருந்து வாடையில்தான் தூங்கி எழுந்தது.

மெஹருன்னிசா பீரோவைத் திறந்து, மேசையில் மிஞ்சியிருந்த வருகைப் பதிவேட்டை உள்ளே வைத்தார். சேலை பின்னாலிருந்து இழுபட்டது.

"என்னம்மா இப்ப? சாப்பிடப் போகலையா?"

ஜெயப்பிரியா பீரோவுக்குள் கையை விட்டு நோட்டு அடுக்கைச் சரித்துவிட்டாள். எல்லாம் தரையில் விழுந்தன. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த எரிச்சலெல்லாம் மெஹருன்னிசாவுக்கு அந்த நொடியில் பொங்கியது. கையை ஓங்கவில்லை. ஆனால் குரல் உயர்ந்துவிட்டது.

"என்ன பழக்கம் இது? எடுத்து வை!"

பிள்ளை அதைக் காதில் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து தன் நோட்டைத் தேடி எடுத்தது. அன்றைய பக்கத்தைத் திறந்து நீட்டியது.

'மறுந்து டேங்கு தொட்டிகுள்ள விளுந்துச்சு.'

முதலில் மெஹருன்னிசாவின் கண் போனது பிழைகள் மேல்தான். வல்லின ற. விட்டுப்போன க். ழுவுக்கு ளு. பதினேழு வருடப் பழக்கம். அப்புறம்தான் வரியை வாசித்தார். முதுகில் மாட்டிக்கொண்டு கொல்லைக்கு மருந்தடிக்கிற டேங்கு.

"எந்தத் தொட்டிம்மா? உங்க வீட்டுத் தொட்டியா?"

ஜெயப்பிரியா உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. தலையைக்கூட அசைக்கவில்லை. பயத்தில் அவள் உடம்பே விறைத்திருந்தது. இன்னும் நான்கு தடவை கேட்டாலும் இப்படியே நிற்பாள் என்பது மெஹருன்னிசாவுக்குத் தெரியும். வெளியே தட்டுகள் சிமெண்ட் தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஒன்றாம் வகுப்பு வரிசை உட்கார்ந்துவிட்டது.

பென்சிலை எடுத்தார். கேள்வியை அதே பக்கத்தில், அவள் வரிக்குக் கீழே எழுதினார்.

'எந்தத் தொட்டி?'

பிள்ளை குனிந்து வாசித்தது. பென்சிலை வாங்கியது. எழுதியது. 'இஸ்கூல் தொட்டி.'

'எப்போது?'

'நேத்து சாங்காலம்.'

'டேங்கில் மருந்து இருந்ததா?'

'இருந்துச்சு. மூடி தெறந்து இருந்துச்சு. தண்ணி வெள்ளையா போச்சு.'

மெஹருன்னிசா அடுத்த கேள்விக்குப் போனார். 'யார்' என்று எழுதத் தொடங்கி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அந்தக் கேள்விக்கு இப்போது அவசரமில்லை. 'ஏன் காலையிலேயே சொல்லவில்லை' என்று வாய்வரை வந்ததையும் விழுங்கினார். காலையிலேயே அவள் எழுதித்தான் இருந்தாள். பூட்டி வைத்தது யார்?

ஆனால் பிள்ளை தானாகவே இன்னொரு வரி எழுதியது. 'யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னாக. நான் சொல்லல.'

நோட்டை எடுத்துக்கொண்டு மெஹருன்னிசா ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது.

சமையலறைக்கு வெளியே மரத்தடியில் நாற்பத்தாறு பிள்ளைகள் மூன்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் சோறு விழுந்துவிட்டது. சமையல்காரர் முருகம்மாள் சாம்பார் வாளியோடு குனிந்துகொண்டிருந்தார்.

"யாரும் சாப்பிடாதீங்க! கைய எடுங்க! முருகம்மாக்கா, ஊத்தாதீங்க!"

ஒரு சின்னப் பையன் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோயிருந்தான். மெஹருன்னிசா அவன் கையைத் தட்டிவிட்டார். சோறு சட்டையில் தெறித்து, அவன் வீல் என்று அழத் தொடங்கினான். சத்தம் கேட்டு காளிராஜ் வெளியே வந்தார். பின்னால் ஆபீசர்.

"என்ன டீச்சர் இது? என்ன நடக்குது?"

"தொட்டித் தண்ணியில பூச்சி மருந்து விழுந்திருக்கு சார். நேத்து சாயங்காலம். அந்தத் தண்ணியிலதான் சமைச்சிருக்காங்க."

"யாரு சொன்னா?"

"ஜெயப்பிரியா."

காளிராஜ் ஆபீசரை ஓரக்கண்ணால் பார்த்தார். "அந்தப் பேசாத பிள்ளையா? டீச்சர், ஆபீசர் நிக்கிறாக. நாப்பத்தாறு பிள்ளைக பசியில உக்காந்திருக்குதுக. ஊமப் பிள்ள சொல்லுச்சுன்னு ஒல ஒலயா சோத்தக் கொட்டச் சொல்றீகளா?"

"சொல்லல சார். எழுதியிருக்கா."

நோட்டை நீட்டினார். காளிராஜ் வாங்கவில்லை. ஆபீசர் வாங்கினார். நின்றபடியே ஒரு தடவை வாசித்தார். பிறகு பென்சில் கேள்விகளையும் பதில்களையும் விரல் வைத்து வாசித்தார்.

"இதை அந்தப் பிள்ளையே எழுதினதா? நீங்க சொல்லிக் கொடுத்து எழுதலையே?"

"அது எழுதுறதுல ஒரு எழுத்தக்கூட நான் திருத்துறதில்ல மேடம்" என்றார் மெஹருன்னிசா. அதுநாள் வரை குற்றமாகக் கேட்டு வந்ததை, அவரே வாக்குமூலமாகச் சொன்னார்.

"தொட்டியைக் காட்டுங்க."

சமையலறைக்குப் பின்னால் இருந்தது தரைத்தொட்டி. பஞ்சாயத்துத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். முந்தைய இரவு வர வேண்டியது வரவில்லை. அடியில் ஒன்றரை அடித் தண்ணீர் கிடந்தது. மேலே மெல்லிய பால் படலம். ஓரத்தில் இரண்டு தவளைகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. சுற்றுச்சுவர் இடிந்த இடத்தில், மிளகாய்க் கொல்லையிலிருந்து வந்த சேற்றுக் கால்தடங்கள் காய்ந்து தெரிந்தன.

காளிராஜ் எட்டிப் பார்த்தார். அவர் நிறம் மாறியது.

"முருகம்மா... காலையில இந்தத் தண்ணியவா மொண்ட?"

 திரும்பிப் பார்த்தார்கள். முருகம்மாள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் காலையிலேருந்தே கிறுகிறுன்னுதான் வருது சார். பித்தமுன்னு நெனச்சேன். ரெண்டு செம்பு இங்கனதான் மொண்டு குடிச்சேன்..."

சொல்லி முடிக்குமுன் மடங்கி உட்கார்ந்தார். வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. பிறகு வாந்தி.

அதன்பின் எல்லாமே ஓட்டம்தான். ஆபீசர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். காளிராஜ் தட்டுகளைத் தானே பிடுங்கிப் பிடுங்கிச் சோற்றை அண்டாவில் கொட்டினார்.  மெஹருன்னிசா வரிசை வரிசையாகப் போய் "காலையிலேருந்து தொட்டித் தண்ணி யார் குடிச்சீங்க? பயப்படாம சொல்லுங்க" என்று கேட்டார். அடி விழுமோ என்று பிள்ளைகள் விழித்தன. ஜோதிகாதான் எழுந்தாள்.

"டீச்சர், இன்டர்வெல்லுல ஒண்ணாப்பு பிள்ளைக ரெண்டு பேரு குழாய்ல தண்ணி வரலன்னு அங்கன போச்சுக. நான் பாத்தேன்."

அந்த இரண்டு பிள்ளைகளையும், முருகம்மாளையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கமுதி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. மெஹருன்னிசாவும் கூட ஏறினார். ஒரு பிள்ளை அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது. வண்டி குலுங்கிய ஒவ்வொரு பள்ளத்துக்கும் "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்தார். மேசையில் அடுக்கிய நோட்டுகளை ஒன்பதரை மணிக்கே வாசித்திருந்தால் இந்தப் பிள்ளைகள் இடைவேளையில் தண்ணீர் குடித்திருக்காது. அந்தக் கணக்கு அவர் நெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை.

பிள்ளைகள் இருவரும் சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டார்கள். முருகம்மாளை இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் கண் திறந்து, "சோத்த நாய் தின்னுராம மண்ணப் போட்டு மூடுனீகளா?" என்று கேட்டாராம்.

சம்பவத்துக்கு மறுநாள், புதன்கிழமை, பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். போலீஸ் வந்து தொட்டித் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போயிருந்தது. மெஹருன்னிசா வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது வாசல் இருண்டது. ஜெயப்பிரியாவின் மாமா பாண்டீஸ்வரன். அவன் கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன.

"அந்த நோட்டக் குடுங்க டீச்சர்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? எங்க வீட்டுப் பிள்ளைய வச்சு எங்க வீட்டுச் சேதிய எழுதி வாங்குறீக. கடக்கரையிலேருந்து வந்து இதுதான் படிச்சுக் குடுக்குறீகளா? குடுங்க, கிழிச்சு எறியணும்."

மேசைமேல்தான் இருந்தது நோட்டு. மெஹருன்னிசா அதன்மேல் கையை வைத்தார். பள்ளியில் வேறு ஆளில்லை. 

"இதுல உங்க பேரு இல்ல தம்பி. அவ எழுதல. நானும் கேக்கல."

பாண்டீஸ்வரன் நம்பாமல் பார்த்தான். மெஹருன்னிசா நோட்டைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். அவனுக்கு வாசிப்பு தடுமாறித்தான் வந்தது. உதடு அசைய, ஒவ்வொரு வரியாக இறங்கினான். 'யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னாக' என்ற இடத்தில் நின்றான்.  பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"டேங்க வெளிய வச்சுத்தான் களுவப் போனேன் டீச்சர், பிள்ளையும் கூட நின்னுச்சு. தண்ணி மொள்ளக் குனிஞ்சப்ப முதுகுல கெடந்த டேங்கு வாரு அந்து மிச்ச மருந்தோட உள்ள போயிருச்சு, வெளிய எடுத்துட்டேன். ராத்திரி தண்ணி விடுவாக, நெரம்பி வழிஞ்சு போயிரும், காலையில வந்து தொட்டியத் தொறந்து விட்ருவோம்னு நெனச்சேன். விடியக்காலம் மோட்டார் ரிப்பேருன்னு ஆள் வந்து கூப்ட்டான். போயிட்டேன். முருகம்மா எனக்குச் சின்னம்மா முறை டீச்சர்."

"போலீசு விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அவுக வந்து பிள்ளைகிட்ட கேக்குற வரைக்கும் விட்டுறாதீங்க. நீங்களே போயிச் சொல்லிருங்க."

அவன் நோட்டை மூடி வைத்தான். எழுந்து போனான். வீட்டுக்கா, ஸ்டேஷனுக்கா என்று மெஹருன்னிசாவுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் காளிராஜ் போன் செய்தார். பாண்டீஸ்வரன் வார்டு மெம்பரைக் கூட்டிக்கொண்டு போய்த் தானே எழுதிக் கொடுத்துவிட்டானாம்.

எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. பாண்டீஸ்வரன் மேல் வழக்கு பதிவானது. ஜாமீனில் வந்தான். பிள்ளையை அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் மனைவி சும்மா இருக்கவில்லை. ஒரே மாதத்தில் ஜெயப்பிரியாவின் அம்மா மாலதி பெட்டியைக் கட்டிக்கொண்டு கமுதிக்கு வந்து, ஒற்றை அறை எடுத்து, துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். "அங்கன இருந்தா பிள்ள சோறு திங்க மாட்டேங்குது டீச்சர்" என்றாள். பள்ளிக்கூடத்தை மட்டும் மாற்றவில்லை. காலையில் பிள்ளை மெஹருன்னிசாவோடு பஸ் ஏறியது.

காளிராஜ் மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. அது அவர் வழக்கமில்லை. ஒருநாள் அவரது வகுப்புக்கும் சேதி நோட்டு வாங்கியிருப்பதை மெஹருன்னிசா பார்த்தார். "நான் செவப்பு மை போடுவேன். அத மட்டும் கேக்காதீக" என்றார் அவர்.

ஆனால் ஜெயப்பிரியா எழுதுவதை நிறுத்திவிட்டாள். தேதி போடுவாள். அதற்குக் கீழே வெற்றிடம். ஜோதிகா நோட்டை வாங்கித் தேதியை மட்டும் வாசித்துத் திருப்பிக் கொடுப்பாள். தன் எழுத்தால் ஒரு வீடு உடைந்தது என்று பிள்ளை நினைக்கிறதோ? கேட்டால் சொல்லாது. கேட்பதும் சரியில்லை. மெஹருன்னிசா தினமும் அந்த வெற்றிடத்தில் தானே ஒரு வரி எழுதினார். 'முருகம்மாக்கா இன்று வேலைக்கு வந்தார்.' 'என் வீட்டில் பல்லி மோர்க்குடத்தில் விழுந்தது.' 'உன் மாமா இன்று சுவரின் உடைப்பை அடைத்துக் கொடுத்தார்.' ஜெயப்பிரியா ஒவ்வொன்றையும் வாசித்தாள். பதில் இல்லை. உம்மாவும் இப்படித்தான் வாசித்துவிட்டு மடித்து வைத்தார் என்று மெஹருன்னிசா நினைத்துக்கொள்வார். ஆனாலும் எழுதுவதை விடவில்லை. முப்பத்தேழு நாள்.

முப்பத்தெட்டாம் நாள் நோட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தபோது ஜோதிகாவின் குரல் உயர்ந்தது.

"'டீச்சர் பஸ்ல தூங்கி... கொரட்ட...' ஏய், இது என்ன எழுத்து?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஜெயப்பிரியா நோட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். அழிப்பானால் ஓர் எழுத்தைத் தேய்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு எழுத்தைப் போட்டு, ஜோதிகாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"'டீச்சர் பஸ்ல தூங்கி கொரட்ட விட்டாக'" என்று ஜோதிகா தட்டாமல் வாசித்தாள்.

"அது பொய்" என்றார் மெஹருன்னிசா. முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு, அன்றைய தேதியை இரண்டாம் தடவையாக எழுதினார்.